இராமனையும் விசாரித்த சபை

ஒரு கவிஞனுக்கு விழா எடுப்பது அவ்வளவு அரிய காரியமன்று. பந்தலும் தோரணமும் பணத்தால் வந்துவிடும். தலைமை வகிக்க ஒரு பிரமுகர் எப்படியும் கிடைத்துவிடுவார். முதல் வருஷத்து உற்சாகத்தில் ஊரே திரண்டு வரும். இரண்டாம் வருஷம் நன்கொடை குறைந்து, மூன்றாம் வருஷம் காரியதரிசிக்கும் பொருளாளருக்கும் மனஸ்தாபம் முற்றி, நான்காம் வருஷம் விழா நின்றுபோவது நம் நாட்டில் சர்வசாதாரணமாக நடப்பது. இத்தகைய நாட்டில், 1939-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, தொடங்கியவர்கள் மறைந்த பின்னரும், அரசியல் காற்று பலமுறை திசை மாறி அடித்த பின்னரும், பங்குனிதோறும் தொடர்ந்து நடந்து வருகிறதென்றால், அதன் பின்னே நின்ற மனிதர்கள் யார், அவர்கள் கைக்கொண்ட முறை யாது என்று விசாரித்து அறிவது பிரயோஜனமுள்ள காரியமாகும்.

முதலில் ஊரைப் பற்றிச் சில வார்த்தைகள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திப் பெரும்பொருள் ஈட்டிய நகரத்தார், அப்பொருளில் ஒரு பெரும்பகுதியைக் கோயில் திருப்பணிக்கும் பாடசாலைகளுக்கும் செலவிட்டவர்கள் என்பதை எல்லோரும் அறிவர். அவர்கள் வீடுகளில் புரட்டாசி மாதத்தில் இராமாயணம் படிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் படிக்க, வீட்டாரும் அண்டை அயலாரும் உட்கார்ந்து கேட்பார்கள். காவியத்தைக் காதால் கேட்டு அனுபவிக்கும் பழக்கம் இவ்வாறு வீட்டுக்குள்ளேயே ஊறிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனோடு புதுமை வேட்கையும் வந்து சேர்ந்தது. 1917-இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919-இல் சுப்பிரமணிய பாரதியார் அச்சங்கத்துக்கு வருகை தந்தார். ‘ஊழியன்’, ‘குமரன்’ போன்ற பத்திரிகைகள் அவ்வட்டாரத்திலிருந்து வெளிவந்து சீர்திருத்தம் பேசின. பழைய நூலைக் கேட்கும் காதும் புதிய கேள்வியைக் கேட்கும் வாயும் ஒரே ஊரில் ஒரே காலத்தில் அமைந்திருந்தமைதான், பின்னர் அங்கே எழுந்த விழாவின் போக்கை நிர்ணயித்தது என்று சொல்லலாம்.

இந்த ஊரில் 1908-இல் பிறந்தவர் சா. கணேசன். காந்தியடிகளின் இயக்கத்தில் இளமையிலேயே ஈடுபட்டுச் சிறை கண்டவர். இராஜாஜியைத் தலைவராகக் கொண்டவர். சட்டை அணியாமல், வெண்கதர் வேட்டியும் மேல்துண்டுமாகவே எந்தச் சபைக்கும் சென்றவர். 1962-ஆம் ஆண்டுத் தேர்தலில் சுதந்திராக் கட்சியின் சார்பில் காரைக்குடியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிற்பக் கலையிலும் கல்வெட்டிலும் நுண்ணிய புலமை உடையவர் என்பதற்கு அவர் எழுதிய பிள்ளையார்பட்டித் தல வரலாறு சான்று. ஆயினும் இந்தப் பெருமைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் ஏற்றுக்கொண்ட பெயர் ‘கம்பன் அடிப்பொடி’ என்பதே. ஆழ்வார்களுள் ஒருவர் திருமால் அடியார்களின் அடிப்பொடியாகத் தம்மைக் கருதிய ஸம்பிரதாயத்தை, ஒரு கவிஞனுக்காகத் தாம் மேற்கொண்டார் கணேசன். விழாவின் நாயகன் கம்பன் ஒருவனே, நடத்துகிறவன் அவன் காலடித் துகள் என்ற இந்த மனோபாவம் வெறும் பணிவுச் சொல்லாக நின்றுவிடவில்லை. விழாவை நடத்திய கம்பன் கழகத்தின் நடைமுறை முழுவதும் அதிலிருந்தே பிறந்தது.

கம்பன் கழகத்தின் முதல் விழா 1939 ஏப்ரலில் நடந்தபோது அதற்குத் தலைமை வகித்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் தம் வீட்டில் ‘வட்டத்தொட்டி’ என்ற பெயரால் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, மணிக்கணக்காகக் கவிதை அனுபவித்தவர் அவர். அவருடைய முறை தனி ரகமானது. ஒரு செய்யுளை எடுத்துக்கொண்டால் பதவுரை சொல்லத் தொடங்கமாட்டார். முதலில் நிதானமாக, தாளம் புலப்படும்படி ஒருமுறை சொல்லுவார். பிறகு அதே அடியைச் சீர்களைச் சற்றே பிரித்து மீண்டும் சொல்லுவார். எந்தச் சொல்லில் பாவம் ஏறி நிற்கிறதோ அங்கே நிறுத்தி, கேட்பவர்கள் முகத்தைப் பார்ப்பார். இரண்டாம் முறையிலோ மூன்றாம் முறையிலோ, அகராதி அறியாதவருக்குங்கூடப் பொருள் தானாகவே துலங்கும். வித்துவான்களுக்கு மட்டுமே உரியதாகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட ஒரு மஹா காவியத்தை, கடை வைத்திருப்பவரும் கணக்கு எழுதுபவரும் அனுபவிக்கலாம் என்ற தைரியத்தை இந்த முறைதான் கொடுத்தது.

அதே ரசிகமணி பண்டிதர்களின் கோபத்துக்கு ஆளானவர் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இன்று கம்பன் பெயரால் வழங்கும் பாடல்களில் பல இடைச்செருகல் என்று அவர் துணிந்து கூறினார். தமக்கு உண்மையெனத் தோன்றியவற்றையே தெரிந்தெடுத்துப் பதிப்பித்தார். ‘எந்த ஏட்டின் ஆதாரத்தால் நீர் இதைச் சொல்லுகிறீர்?’ என்று புலவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், சர்வசம்மதமான ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்து அக்கிராசனத்தில் அமர்த்தாமல், விவாதத்துக்கு உரிய ஒருவரை அமர்த்தித் தம் விழாவைத் தொடங்கினார்கள் காரைக்குடிக்காரர்கள். அந்த ஆரம்பம் பிற்காலத்துக்கு நல்ல சகுனமாயிற்று.

விழாவின் நாட்களைக் குறித்த விதமும் கவனிக்கத்தக்கது. கம்பன் தன் காவியத்தைத் திருவரங்கத்தில் அரங்கேற்றியது பங்குனி அத்தத் திருநாளில் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அதைப் பிரமாணமாகக் கொண்டு, பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய மூன்று நாட்கள் காரைக்குடியிலும், அத்தத்தன்று கம்பன் சமாதி உள்ளதாகக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையிலும் விழா நடக்கும் என்று நியமம் செய்தார்கள். பிரமுகருடைய சௌகரியத்தைப் பார்த்து நாள் குறிக்கும் சங்கடம் இதனால் ஒழிந்தது. கோயில் உத்ஸவத்தை யாரும் தள்ளிப்போடச் சொல்லுவதில்லை அல்லவா? அமைச்சரானாலும் நீதிபதியானாலும் நட்சத்திரத்துக்குத் தக்கபடி அவரே தம் பிரயாணத்தை அமைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

விழா தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் கம்பனுக்கே ஆபத்துக் காலம் வந்தது. கம்பராமாயணமும் பெரியபுராணமும் ஆரிய மாயையைப் பரப்பும் நூல்கள், அவற்றைத் தீயிட்டுக் கொளுத்த வேண்டும் என்ற குரல் சுயமரியாதை இயக்கத்தில் எழுந்தது. 1943 பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் ரா. பி. சேதுப் பிள்ளையும், அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியும் சி. என். அண்ணாதுரையை எதிர்த்து வாதிட்டனர். அண்ணாவின் உரைகள் ‘தீ பரவட்டும்’ என்ற தலைப்பில் நூலாகி நாடெங்கும் வாசிக்கப்பட்டன. ஒரு காவியத்துக்கு இப்படி வெளிப்படையான பகை எழும்போது அதன் அபிமானிகள் பொதுவாகச் செய்வது என்ன? கதவைச் சாத்திக்கொண்டு, தம்மைப் போன்றவர்களை மட்டும் கூட்டி வைத்து, ஸ்தோத்திரம் பாடுவார்கள். அல்லது எதிர்ப்பவர்களை வசைபாடுவார்கள். காரைக்குடி இவ்விரண்டையும் செய்யவில்லை. காவியத்தின் மேல் வரக்கூடிய குற்றச்சாட்டுகளைத் தன் மேடையிலேயே ஏற்றி, காவியத்தையே சாட்சியாக வைத்து விசாரிப்பது என்ற வழியை அது மேற்கொண்டது. அவ்வழியில் வளர்ந்ததே பட்டிமண்டபம்.

பழந்தமிழ் நூல்களில் கண்ட பெயரை எடுத்து, அதற்கு இன்று நாம் அறிந்த உருவத்தைக் கொடுத்த பெருமை பெரும்பாலும் சா. கணேசனையே சேரும் என்பார்கள். நடுவர் ஒருவர், இருபுறமும் அணிகள், அணிக்குச் சிலர், ஒவ்வொருவருக்கும் அளந்து விடப்பட்ட நேரம், இறுதியில் தீர்ப்பு. வாலி வதையை எடுத்துக்கொள்வோம். மறைந்து நின்று அம்பு எய்தது தருமமா என்பது வழக்கு. ஓர் அணி எழுந்து, மார்பில் தைத்த அம்பைப் பறித்து அதில் இராம நாமத்தைக் கண்ட வாலி கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும். ‘உன்னோடு பகையில்லாத என்னை ஏன் கொன்றாய்? கொல்வதாயின் எதிரே வந்து கொல்லாமல் ஏன் ஒளிந்தாய்?’ என்ற கேள்விகளின் உஷ்ணத்தைக் கம்பன் சற்றும் தணித்து எழுதவில்லை. மறு அணி, தம்பியின் மனைவியைக் கவர்ந்த குற்றத்தைச் சொல்லும். அது ஒளிந்து நின்றதற்கு விடையாகாதே என்று முதல் அணி மடக்கும். அப்போது மறு அணியில் ஒருவர், அந்தக் கேள்விக்கு விடை சொன்னவன் இராமன் அல்லன், இலக்குவன் என்பதைச் சுட்டுவார். எதிரே வந்திருந்தால் நீயும் அடைக்கலம் என்று காலில் விழுந்துவிடுவாய், முன்னமே உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு பழுதாகும் என்பதே இலக்குவன் சொன்ன சமாதானம். ‘அண்ணன் பேச வேண்டிய இடத்தில் தம்பியைப் பேசவிட்டானே கம்பன், அது எதைக் காட்டுகிறது?’ என்று நடுவர் இடைமறிப்பார். சபையில் சலசலப்பு எழும். அந்தச் சலசலப்பில் பங்குகொள்ளுகிறவன் எழுத்தறிவு குறைந்தவனாயினும் காவிய விமரிசனத்தின் வாசலில் கால் வைத்துவிட்டான்.

தீர்ப்பு யாருக்குச் சாதகமாக வருகிறது என்பது இதில் பிரதானமன்று. அவதார புருஷன் என்று பக்தர்கள் வணங்கும் இராமனைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பதை, அவனைப் பாடிய கவிஞனுக்காக எடுத்த விழாவே அனுமதித்தது என்பதுதான் பிரதானம். கேள்விக்கு இடம் கொடுத்தால் மதிப்புக் குறையும் என்று அஞ்சாத துணிவு அது. அதேபோல, அண்ணனுக்காகச் சாகத் துணிந்த கும்பகருணனும், அறத்துக்காக அண்ணனைத் துறந்த வீடணனும் பலமுறை வழக்காடப்பட்டிருக்கிறார்கள். இருவரில் ஒருவரை மட்டும் நல்லவர் என்று சொல்லி நம்மால் எளிதில் எழுந்து போய்விட முடியாதபடி கம்பன் இருவரையும் படைத்திருக்கிறான் என்பதைக் கேட்டவர்கள் உணர்ந்து சென்றார்கள்.

இந்த அனுமதியின் பலனாகத்தான், வெளியே ஒருவரோடொருவர் சேரவே முடியாத மனிதர்கள் இந்த மேடையில் சேர்ந்தார்கள். ப. ஜீவானந்தம் ஒருவர். காரைக்குடிக்கு அருகேயுள்ள சிராவயலில் இளமையில் காந்தி ஆசிரமம் நடத்தி, 1927-இல் காந்தியடிகளை அங்கே சந்தித்து, பின்னர் பொதுவுடைமை இயக்கத்தின் பெருந்தலைவராகியவர். வறுமை இல்லாமையால் வள்ளன்மைக்கும் இடமில்லாத கோசல நாட்டைக் கற்பனை செய்த கவிஞன், பொதுவுடைமைவாதிக்கு அந்நியனாக முடியுமா என்று அவர் முழங்கினார். காரைக்குடியை அடுத்த குன்றக்குடித் திருமடத்தின் தலைவராக 1952 முதல் விளங்கிய தவத்திரு அடிகளார் மற்றொருவர். சைவ மடாதிபதியாகிய அவர், வைணவ காவியத்தை வழக்காடும் சபையில் நடுவராக அமர்ந்து, பட்டிமண்டபம் என்ற வடிவத்துக்கே ஒரு கௌரவத்தை உண்டாக்கினார். நாகூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயீல் இன்னொருவர். வாலியின் கேள்விகளை ஒரு நீதிபதிக்குரிய நிதானத்தோடு ஆராய்ந்து அவர் எழுதிய ‘மூன்று வினாக்கள்’ இன்றும் விரும்பிப் படிக்கப்படுகிறது. ‘இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்’ என்று நூலுக்குப் பெயரிட்டு, பகைவனுடைய மாட்சியை முன்னே வைத்த பேராசிரியர் அ. ச. ஞானசம்பந்தனையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். காந்தியவாதியாகிய கணேசன், பொதுவுடைமையாளர், சைவத் துறவி, இஸ்லாமிய நீதிபதி, கல்லூரிப் பேராசிரியர் ஆகிய இவர்கள் ஐவரும் சேர்ந்து ஒரு தேர்தல் அறிக்கையில் கையொப்பமிட்டிருக்க முடியாது. ஒரு செய்யுளின் முன் உட்கார முடிந்தது.

பேசியவர்களைச் சொல்லிவிட்டுக் கேட்டவர்களை விட்டுவிடுவது தகாது. கம்பன் விழாவின் உண்மையான மூலதனம் அவர்கள்தாம். முன்வரிசையில் அமர்ந்து, பேச்சாளர் செய்யுளில் ஒரு சீரை மாற்றிச் சொன்னால் உடனே முகத்தைச் சுளிக்கும் பெரியவர்கள். வீட்டு அலுவல்களை முடித்துக்கொண்டு மாலை நேரத்துக்கு வந்துவிடும் ஆச்சிமார். மனப்பாடப் போட்டிக்காகச் செய்யுட்களை முணுமுணுத்துக்கொண்டே திரியும் பள்ளிப் பிள்ளைகள். இவர்களுக்கு முன்னால் தயாரிப்பின்றி வந்து பேசிவிட்டுப் போவது எளிதன்று. நல்ல சபை நல்ல பேச்சாளனை உண்டாக்குகிறது. வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்கும் பழக்கம், காவியத்தை அறிந்த காதுகளின் முன் செல்லுபடியாவதில்லை. ஜமக்காளம் விரித்தவர்கள், வெளியூர் விருந்தினருக்குப் பந்தி பரிமாறியவர்கள், கணக்கை நேராக வைத்திருந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்த மலரிலும் பெரிதாக அச்சிடப்படுவதில்லை. விழா நின்றுபோகாமைக்குப் பேச்சாளரைவிட அவர்களே அதிகக் காரணம் என்பதை, ஏதேனும் ஒரு சங்கத்தை நடத்திப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

நான்காம் நாள், வாதங்கள் ஓய்ந்த பின்னர், சபை நாட்டரசன்கோட்டைக்குப் புறப்படுகிறது. சிவகங்கைக்கு அருகேயுள்ள அவ்வூரில் கம்பன் தன் கடைசி நாட்களைக் கழித்தான் என்பது ஐதிகம். அங்கே உள்ள சமாதியை அருட்கோயிலாகப் போற்றி மலர் வழிபாடு செய்கிறார்கள். அந்த இடத்து மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் குழந்தைகளின் நாவில் தடவினால் தமிழ் வரும் என்ற நம்பிக்கை அவ்வட்டாரத்தில் உண்டு. சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் சமாதியைப் பற்றிய ஐதிகத்தை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், செல்வம் வேண்டியும் ஆயுள் வேண்டியும் பிரார்த்திக்கும் உலகத்தில், பிள்ளைக்குத் தமிழ் வர வேண்டும் என்று பிரார்த்திக்கும் ஓர் ஊரில் கவிஞனுக்கு விழா வேரூன்றியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

கழகம் ஊரில் ஸ்திரமான இருப்பிடத்தையும் பெற்றது. காரைக்குடியில் கம்பன் மணிமண்டபம் எழுந்தது. அதன் வளாகத்தில் தமிழ்த்தாய்க்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்ற கணேசனின் கனவுக்கு 1975-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1982-இல் அவர் மறைந்தார். கோயில் 1993-இல்தான் திறக்கப்பட்டது. ஸ்தாபகர் போனபின் ஸ்தாபனமும் போய்விடும் என்ற பொது விதிக்கு மாறாக, அவர் வழிவந்த ‘கம்பன் அடிசூடி’ பழ. பழனியப்பன் முதலியோர் நாள், முறை, நியமம் எதையும் மாற்றாமல் விழாவைத் தொடர்ந்து நடத்தினர். கம்பனைக் கொளுத்தச் சொன்ன அரசியலும் இதற்கிடையே மாறிப்போயிற்று. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் கம்பன் சிலையும் ஒன்று.

காரைக்குடியைப் பார்த்துப் பிற ஊர்களிலும் கம்பன் கழகங்கள் தோன்றின. சென்னையில் இஸ்மாயீல் தலைமையில் ஒன்று அமைந்தது. புதுச்சேரியிலும் புதுக்கோட்டையிலும் இராசபாளையத்திலும் விழாக்கள் எடுத்தனர். கடல் கடந்து, யாழ்ப்பாணத்தில் 1980-இல் ‘கம்பவாரிதி’ இலங்கை ஜெயராஜ் முதலான இளைஞர்கள் கம்பன் கழகம் கண்டனர். போர் மூண்டு ஊர்கள் சிதறிய வருஷங்களிலும் அது மடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இடம் பெயர்ந்து அங்கும் பெருஞ்சபையாக வளர்ந்தது.

இவ்வளவும் சொன்ன பின், குறையையும் சொல்லாவிட்டால் நடுநிலையாகாது. காரைக்குடி உண்டாக்கிய பட்டிமண்டபம் நாடெங்கும் பரவி, தொலைக்காட்சிக்கும் ஏறியபோது, அதன் உயிராகிய நூல் பல இடங்களில் கைநழுவிவிட்டது. மாமியாரா மருமகளா, கணவனா மனைவியா என்று தலைப்பு வைத்து, சிரிப்புத் துணுக்குகளைக் கோத்து, முன்கூட்டியே எல்லோரும் அறிந்த ஒரு தீர்ப்பை வழங்குவதற்கு ஒரு காவியமும் வேண்டியதில்லை, தயாரிப்பும் வேண்டியதில்லை. வாதிக்கும் பிரதிவாதிக்கும் பொதுவான ஓர் ஏடு நடுவில் இல்லாதபோது வாதம் வெறும் வாய்ச்சாலகமாகிவிடுகிறது. வாலியின் கட்சி பேசுகிறவனும் இராமன் கட்சி பேசுகிறவனும் ஒரே செய்யுளுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள் என்பதே காரைக்குடியின் பலம். அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் கைதட்டை மட்டுமே பெற்றார்கள்.

ஆகவே, தம் ஊரிலும் ஒரு கவிஞனுக்கு விழா எடுக்க விரும்புகிறவர்கள் காரைக்குடியிடம் கற்க வேண்டியவை சில உண்டு. எவருக்காகவும் மாறாத ஒரு நாளைக் குறிக்க வேண்டும். எல்லோரும் கட்டுப்படக்கூடிய ஒரு நூலை நடுவில் வைக்க வேண்டும். அந்த நூலை ஏற்காதவனுக்கும் நாற்காலி போட வேண்டும். நடத்துகிறவர் கவிஞனுக்கு மேலே தம் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் இருக்க வேண்டும். இவற்றுள் நான்காவதுதான் கடினம். கணேசன் அதைத் தம் பெயருக்கு முன்னேயே எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆகையால் அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அதை மறக்க வசதியில்லாமற் போயிற்று.